சுவரோரத்து வெளிச்சம்

என் பட்டப்பெயர் பம்பரம். வைத்தது அக்கா. இப்போது ஆய்வகத்துக் காவலாளி வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் திரும்பிப் பார்க்கிறேன். எனக்கு நின்ற இடத்தில் நிற்க வராது. பல் துலக்கும்போது நடப்பேன். போன் வந்தால் பேசி முடிப்பதற்குள் வீட்டை வலம் வந்துவிடுவேன். ஒளியியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவளுக்கு இது கேடு. எங்கள் மேசை காற்றுக் கால்களில் மிதக்கிற கனத்த இரும்பு மேசை. பக்கத்தில் யாராவது பலமாகத் தும்மினாலே கேமராவில் படம் நடுங்கும். அதனால் கேமரா பதிவெடுக்கும்போது நான் வெளியே நடைபாதைக்குப் போய்விடுவேன். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றலாம்.

அந்த வாரம் நடைபாதை தேய்ந்திருக்கும். வியாழக்கிழமை அக்காவுக்கு நேர்முகம். எங்கள் துறையில் நெடுநாள் கழித்து ஒரு நிரந்தர வேலை வந்திருந்தது.

அக்கா கணக்குப் போடுகிறவள், அவளுக்குத் தாளும் பேனாவும் போதும். நான் லேசரையும் கண்ணாடிகளையும் வைத்துக்கொண்டு அவள் கணக்கு நிஜத்தில் நடக்கிறதா என்று பார்க்கிறவள். அவள் இதுவரை பார்த்த வேலைகள் எல்லாம் தற்காலிகம். இரண்டு வருடம் ஓர் ஊர், ஒரு வருடம் இன்னோர் ஊர். பாத்திரங்களை அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்காமலே சமைக்கப் பழகியவள். இந்த ஊரில்தான் படிப்பு முடிந்தபிறகு முதல்முறையாக இரண்டு பேரும் ஒரே வீட்டில், அடுத்தடுத்த அறைகளில் இருக்கிறோம். நடுவில் மெல்லிய சுவர். நான் என் அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தால் அந்தப் பக்கத்திலிருந்து விரல்முட்டியால் டொக் டொக் என்று தட்டுவாள். ‘உட்காருடி’ என்று அர்த்தம். நான் உட்கார மாட்டேன், வேண்டுமென்றே இன்னும் பலமாக நடப்பேன். மறுபடி தட்டுவாள்.

இந்த வேலை கிடைத்தால் இங்கேயே இருப்பாள். கிடைக்காவிட்டால் கடல் தாண்டி இன்னொரு தற்காலிக வேலை தயாராக இருந்தது. எனக்கு அவள் போகக்கூடாது. சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

எங்கள் பாடத்தின் பெயர் பின்னக் குவாண்டம் இயங்கியல். பெயர்தான் மிரட்டும், ஆள் அவ்வளவு மோசமில்லை. ஒரு துகள் இங்கிருந்து அங்கே போகிறது என்றால் அது ஒரே பாதையில் போகவில்லை, இருக்கிற எல்லாப் பாதைகளிலும் போகிறது என்று வைத்துக் கணக்குப் போடுவது குவாண்டம் இயங்கியலில் ஒரு வழி. வழக்கமான கணக்கில் அந்தப் பாதைகள் குடிகாரன் நடை. தள்ளாடித் தள்ளாடிச் சின்னச் சின்ன அடிகளாகப் போகும். பின்னக் கணக்கில் அந்தக் குடிகாரன் நடுநடுவே ஒரு தெருவையே தாண்டிக் குதிப்பான். குதிப்பு எவ்வளவு தூரம், எவ்வளவு அடிக்கடி என்பதை ஓர் எண் முடிவு செய்கிறது. வழக்கமான கணக்கில் அந்த எண் இரண்டு. நாங்கள் எடுத்துக்கொண்டது அதைவிடக் குறைந்த ஒரு பின்னம்.

“உன்னைப் பாத்துதான்டி இந்தப் பாடத்தையே எடுத்தேன். அரை மணி நேரம் மேசையைச் சுத்துவே. திடீர்னு ஒரு தாவு, மொட்டை மாடியில நிப்பே” என்பாள் அக்கா.

ஊர் ஊராகத் தாவினது அவள்தான். அதைச் சொன்னால் முகம் வாடிவிடும் என்று சொல்லமாட்டேன்.

இப்படிக் குதிக்கிற துகளை இதுவரை நாங்கள் யாரும் கையில் பிடித்ததில்லை. ஆனால் அதே சமன்பாட்டின்படி வெளிச்சத்தை நடக்கவைக்கலாம், அதுதான் என் பிழைப்பு. எதிரெதிரே இரண்டு கண்ணாடிகள். நடுவே லேசர் வெளிச்சம் போய்ப் போய்த் திரும்பும். வழியில் ஒரு லென்ஸ் அதைத் தனித்தனி அலைகளாகப் பிரிக்கும். மெல்லிய தகடு ஒன்று ஒவ்வோர் அலையையும் அதற்கு உரிய அளவு தாமதப்படுத்தும். இன்னொரு லென்ஸ் திரும்பச் சேர்க்கும். எந்தப் பின்னம் வேண்டுமோ அதற்கேற்ற தகட்டைப் போட வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் இரண்டு கறுப்புத் தகடுகளுக்கு இடையே ஒரு குறுகிய பிளவு. அக்காவின் கணக்கில் வரும் இரண்டு சுவர்கள் அவைதான்.

அக்காவின் கணக்கு, இரண்டு சுவர்களுக்கு நடுவே அடைபட்ட துகள். குவாண்டம் படிக்கிற எல்லோரும் ஆரம்பத்திலேயே போடுகிற பெட்டிக் கணக்குதான். அவள் அதைப் பின்னத்தில் போட்டாள். வழக்கமான பெட்டிக்குள் அலை அழகான வளைவாக நிற்கும். நடுவில் உயரம், இரண்டு பக்கமும் சரிந்து சுவரைத் தொடும்போது ஒன்றுமில்லை. பின்னத்திலும் அதே வளைவுதான், ஆற்றல் மட்டும் மாறும் என்பது அவள் முடிவு. சூத்திரம் ஒரே வரி. பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அவள் விண்ணப்பம் முழுக்க அந்த ஒரு வரியின் மேல்தான் நின்றது.

என் வெளிச்சம் நடுவில் அவள் வளைவோடு ஏறக்குறையப் பொருந்தியது. சுவரோரத்தில் அடம் பிடித்தது. அவள் வளைவு மெதுவாகச் சரிகிற இடத்தில் என் வெளிச்சம் இறங்காமல் நின்றது. சுவர் பக்கத்தில் வந்த பிறகுதான் செங்குத்தாக விழுந்தது.

திங்கட்கிழமை அக்கா ஆய்வகத்துக்கு வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

“லென்ஸைத் துடைச்சியா?”

“துடைச்சாச்சு.”

“பிளவு முனையில தூசி?”

“மாத்தியே போட்டாச்சு.”

“அப்ப எங்கயிருந்தோ வெளிச்சம் கசியுது. நல்லா மூடு.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உன் கணக்கைப் பாரேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “வியாழக்கிழமைக்குப் படம் வேணும், பம்பரம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கோபம் வந்தது. மேசையைச் சுற்றிலும் கறுப்புத் துணியைக் கட்டி, பகலை நடு இரவாக்கி, மறுபடி படம் எடுத்தேன். அதே ஓரம், அதே பிடிவாதம்.

செவ்வாய்க்கிழமை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பின்னத் தகட்டைக் கழற்றிவிட்டு வழக்கமான கணக்குக்கு உரிய தகட்டைப் போட்டேன். மற்றதெல்லாம் அப்படியே. அதே லென்ஸ், அதே பிளவு, அதே கறுப்புத் துணி. கேமராவை ஓடவிட்டு நடைபாதையில் சுற்றிவிட்டு வந்து பார்த்தால், வெளிச்சம் பாடப்புத்தக வளைவின்மேல் சொன்ன பேச்சு கேட்டு உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில்கூட ஒரு பிசகும் இல்லை.

லென்ஸ் சுத்தம், பிளவு சுத்தம். அழுக்கு இருந்தால் அது கணக்கில்தான்.

அக்காவின் வளைவைக் கணினியில் போட்டு என் கண்ணாடிகள் செய்வதையே அங்கேயும் செய்துபார்த்தேன். பெட்டிக்குள் நிலைத்து நிற்கத் தகுதியுள்ள அலை, ஒரு சுற்றுப் போய்த் திரும்பினாலும் தன் வடிவத்தோடு திரும்ப வேண்டும். அவள் வளைவு திரும்பவில்லை. ஓரங்கள் உப்பி, வேறு ஆளாக வந்து நின்றது. நான் எழுந்து நடைபாதைக்குப் போனேன். தண்ணீர்க் குழாய் வரை போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பியபோதுதான் பிடிபட்டது.

வழக்கமான கணக்கில், ஓர் இடத்தில் அலை எப்படி வளைகிறது என்று தெரிய அக்கம்பக்கத்தை விசாரித்தால் போதும். பின்னக் கணக்கில் குடிகாரன் எங்கிருந்தும் குதித்து வரலாம். எனவே ஊரையே விசாரிக்க வேண்டும், சுவருக்கு அந்தப் பக்கத்துக் கடைசி வீடு வரைக்கும். அக்கா எடுத்த விதி முடிவில்லாமல் ஓடுகிற அலைக்கு உரியது. அதைப் போட்டபோதே, சுவருக்கு வெளியேயும் அலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பதில் வாங்கிவிட்டாள். பிறகு, வெளியே ஒன்றும் இருக்கக்கூடாதே என்று கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிட்டாள். வெளியே ஒன்றுமே இல்லை என்பதும் ஒரு பதில்தான். உள்ளே இருக்கிற அலை அதற்கேற்பத்தான் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். அந்தப் பதிலை அவள் கேட்கவே இல்லை.

பெரிய தப்பு, ஆனால் எங்கள் ஆட்களுக்கே உரிய தப்பு. பெட்டிக் கணக்கை உள்ளே தனி, வெளியே தனி என்று பிரித்துப் போட்டுப் போட்டு எல்லோருக்கும் கை பழகிவிட்டது. அந்தப் படியை அக்கா சொந்தமாகவும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் துறைத்தலைவருக்குப் பெயர் வாங்கித் தந்த கட்டுரையிலிருந்து எடுத்தாள். வியாழக்கிழமை தேர்வுக் குழுவில் நடு நாற்காலியில் உட்காரப் போகிறவரும் அவர்தான்.

அன்று சாயங்காலம் அக்கா கூடத்தில் நின்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே தன் உரையை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் குட்டி போட்ட பூனை மாதிரி அவளைச் சுற்றிவந்தேன்.

“அக்கா, கண்ணாடியெல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“இப்ப எனக்கு அது வேண்டாம்டி.”

“ஓரத்துல…”

“ஓரத்தை வெட்டிடு.” இஸ்திரியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “நடுவுல பொருந்துதுல்ல? அதை மட்டும் காட்டினா போதும். வேலை கிடைக்கட்டும், மிச்சத்தை நிதானமாப் பாத்துக்கலாம்.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றே.”

“எனக்கு வயசாகுது, பம்பரம். இன்னொரு ஊர்ல போய் முதல்லயிருந்து தலையணை வாங்க என்னால முடியாது.”

அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“வெளியில ஒண்ணும் இல்லைன்னு உன் கணக்குக்குத் தெரியுமா, அக்கா?”

“என்ன சொன்னே?”

“ஒண்ணும் இல்ல.”

இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேலேயே நின்றது. துணி கருகுகிற வாசனை வந்ததும் நான்தான் பாய்ந்து எடுத்தேன். அவள் சட்டையைப் பார்க்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் என் அறையில் நடந்தேன். வேண்டுமென்றே பலமாக நடந்தேன். சுவரில் தட்டல் இல்லை.

மறுநாள் அவள் வெளியே வரவில்லை. கதவடியில் டீயை வைத்தேன், ஆறிப்போய் அங்கேயே இருந்தது. உள்ளே நாற்காலி நகர்வதும் தாள் கிழிவதும் கேட்டன. உரையைத் திருத்துகிறாள் என்று நினைத்தேன். ஆய்வகத்துக்குப் போனேன். படத்தைத் திறந்தேன், மூடினேன், வெளியே போய் நடந்தேன், வந்து மறுபடி திறந்தேன். அவளிடம் உண்மையைச் சொன்னால் அவள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் இருப்பாள், தப்பான ஒரு வரியின் மேல் காலம் பூராவும் உட்கார்ந்திருப்பாள். இரண்டாவதற்கு என் மனம் சாய்ந்தது. வெட்கமாக இருந்தது, இருந்தும் சாய்ந்தது. படத்தின் இரண்டு ஓரங்களையும் நேராக வெட்டி, பளிச்சென்று ஆக்கி, அவளுக்கு அனுப்பினேன். ‘நன்றி’ என்று ஒரு சொல்கூடப் பதில் வரவில்லை.

வியாழக்கிழமை கருத்தரங்கு அறையில் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாங்க முடியாவிட்டால் எழுந்து ஓட வசதி. தலைவர் நடுவில், பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா கருகாத வேறு சட்டையில் வந்தாள். கண் சிவந்திருந்தது. குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. பெட்டி, சுவர், வளைவு, ஒற்றை வரிச் சூத்திரம். தலைவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். தன் பிள்ளையை ஊரார் புகழும்போது தகப்பன் ஆட்டுகிற ஆட்டம் அது.

பிறகு படம் வந்தது. நான் வெட்டின படம் இல்லை. பதிவுகள் எங்கள் இருவருக்கும் பொதுவான இடத்தில்தான் இருந்தன. முழுப் படத்தையும் எடுத்திருக்கிறாள். இரண்டு ஓரங்களும் திரை உயரத்துக்கு, தடுப்புச் சுவர் மாதிரி நின்றன. அதன் மேல் அவள் வளைவு, பொருந்தாமல், கூசிக்கொண்டு.

“இது என் தங்கச்சி எடுத்த படம். படம் சரி. இவ்வளவு நேரம் நான் சொன்ன சூத்திரம்தான் தப்பு.”

அறையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

“பெட்டிக்கு வெளியில ஒண்ணும் இல்லைன்னு நமக்குத் தெரியும். ஆனா அதை நாம சமன்பாட்டுக்குச் சொல்லவே இல்ல. அது வெளியிலயும் அலை இருக்குன்னு நெனச்சுக்கிட்டுப் பதில் சொல்லிருக்கு.”

“நாமன்னா யாரும்மா?” என்றார் தலைவர்.

“நானும் நீங்களும், சார்.”

பின்னால் ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். தலைவர் சிரிக்கவில்லை. பேனா மூடி அவர் விரலிலேயே நின்றது.

“அப்ப சரியான விடை?”

“இன்னும் தெரியாது, சார். ஓரத்துல எப்படி விழும்னு மட்டும் சொல்ல முடியும். மத்தபடி அழகா ஒரே வரியில வரும்னு எனக்குத் தோணல.”

நான் எழுந்து நடைபாதைக்கு வந்துவிட்டேன். தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தபோது அவள் வந்தாள்.

“வெட்டி அனுப்பிட்டியே” என்றாள்.

“நீதானே சொன்னே.”

“சொன்னேன். நல்லா நேராத்தான் வெட்டியிருந்தே.” தன் கைக்குட்டையை என் கையில் திணித்தாள். “தப்புன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன்டி அனுப்பினே?”

“நீ போகக்கூடாதுன்னு.”

என்னோடு சேர்ந்து தண்ணீர்க் குழாய்க்கும் படிக்கட்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம் நடந்தாள். அவள் இப்படிச் சும்மா நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வேலை வேறொருவருக்குப் போனது. நல்லவர், வணக்கம் சொல்கிறார், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தலைவர் மேல் இருந்தது. அவர் ஒருநாள் மத்தியானம் தனியாக ஆய்வகத்துக்கு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரைக்குக் குனிந்து அந்த ஓரத்தையே பார்த்தார்.

“லென்ஸ் அழுக்கு இல்லையே?”

“இல்ல, சார்.”

“தகட்டை மாத்திக் காட்டுங்க.”

மாற்றிக் காட்டினேன். பதிவு முடிகிறவரை இருவரும் வெளியே நின்றோம். என்னோடு நடக்க அவருக்கு மூச்சு வாங்கியது. உள்ளே வந்து, பாடப்புத்தக வளைவில் வெளிச்சம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பிறகு மறுபடி பின்னத் தகட்டின் படத்தைக் கேட்டார். ஓரத்தை விரலால் தொட்டார்.

“உங்க அக்கா எப்பக் கிளம்புறாங்க?”

“ஞாயித்துக்கிழமை.”

“கொஞ்ச நாள் இருந்தா சேர்ந்து எழுதலாம். என் கட்டுரையையும் திருத்தணும்.”

“வேலை குடுத்திருந்தா இருந்திருப்பா, சார்.”

மரியாதையில்லாமல்தான் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். போகும்போது மறக்காமல் கதவை மெதுவாகச் சாத்தினார், மேசை நடுங்கக்கூடாதே என்று.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போனாள். அட்டைப்பெட்டிகளை நான்தான் கட்டினேன். தலையணையை எடுத்துக்கொண்டு போ என்றேன். எடை கூடும், அங்கே வாங்கிக்கொள்கிறேன் என்றாள். அவளை வழியனுப்பிவிட்டு வந்து வழக்கம்போல் என் அறையில் நடக்க ஆரம்பித்தேன். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே, போய்த் திரும்பிப் போய்த் திரும்பி. பிறகு பலமாக நடந்தேன். குதிகாலை ஊன்றி நடந்தேன். சுவரில் யாரும் தட்டவில்லை.

உட்கார்ந்துவிட்டேன். அவள் அறைச் சுவரை ஒட்டித் தரையில், முதுகைச் சாய்த்துக்கொண்டு.

போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினாள்.

“என்னடி, மூச்சிரைப்பையே காணோம். நடக்கலையா?”

“உக்காந்திருக்கேன்.”

“நீயா? எங்க?”

“உன் ரூம் சுவத்தோரமா.”

“அந்தப் பக்கம்தான் இப்ப ஒண்ணும் இல்லையேடி.”

“அதான், அக்கா” என்றேன்.

பிறகு அவள் இருந்த ஊரில், அவள் பக்கத்துச் சுவரில், விரல்முட்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.